நட்சத்திரத்தின் எச்சம்: முதிய ஐஸ் ஹாக்கி வீரர்களை முன்வைத்து

2025 ஏப்ரல் 6ஆம் தேதி அலெக்சாண்டர் ஒவெச்கின் தனது 895ஆவது கோலை அடித்தார். டொரண்டோவின் ஸ்கார்பரோவில் வசிக்கும் ஈழத்து நண்பர் ஒருவர் அந்தக் காட்சியை எனக்கு அனுப்பிவைத்து, ‘இதைப் பற்றி நீர் எழுத வேணும்’ என்றார். எனக்கு ஐஸ் என்றால் மீன்கூடையும் சர்பத் கடையும்தான். ஆனாலும் அந்தக் காட்சி ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. பிறகு தேடித் தேடிப் படித்ததில் எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

காட்சி இதுதான். 39 வயதுக்காரர் ஒருவர் கோல் போட்டுவிட்டுப் பனித்தளத்தில் குப்புறப் பாய்ந்து வழுக்கிக்கொண்டு போகிறார். ஆட்டம் நிறுத்தப்படுகிறது. 894 கோல்களோடு 1999இல் ஓய்வுபெற்ற வெய்ன் கிரெட்ஸ்கி வந்து வாழ்த்துகிறார். மாபெரும் சடங்கு. அன்றைய ஆட்டத்தில் ஒவெச்கினின் வாஷிங்டன் அணி 4-1 என்று தோற்றுப்போனது. அது யாருக்கும் பொருட்டாக இல்லை. ஒரு கூட்டு விளையாட்டில் அணியின் தோல்வியே கண்ணில் படாத அளவுக்கு ஒரு தனி உடல் கொண்டாடப்படுகிறதென்றால், அங்கே ஆட்டத்தைத் தாண்டி வேறு எதுவோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த அணிகள் ஆடுகிற என்.எச்.எல். என்னும் லீக்தான் இதன் மையம். ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர். ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வில்லையை மட்டையால் அடிக்கிறார்கள். ஓட்டத்தின் வேகம் அப்படி. ஒரு வீரர் தொடர்ந்து ஒரு நிமிஷம் கூட ஆட மாட்டார். இறங்கி ஆடி, மூச்சு வாங்க வெளியே வந்து உட்கார, அடுத்தவர் குதிப்பார். உடலை உடலால் மோதித் தள்ளுவது விதிமீறல் அல்ல, விளையாட்டின் பகுதி. இப்படிப்பட்ட ஆட்டத்தில் நாற்பதை நெருங்கும் உடல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

‘அற்புதம்’ என்று பதில் சொல்வது சுலபம். உண்மையில் அதற்கு ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. எதிரணியில் ஒருவர் தப்பாட்டம் ஆடினால் இரண்டு நிமிஷம் அவரை வெளியே உட்காரவைக்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒவெச்கின் இடதுபக்க வட்டத்துக்குள் போய் நின்றுகொள்வார். அதிகம் ஓட மாட்டார். பக் தன்னிடம் வந்ததும் நிறுத்தாமல் அப்படியே ஒரு அடி. 895ஆவது கோலும் அப்படியொரு இரண்டு நிமிஷத்தில், அந்த இடத்திலிருந்துதான் விழுந்தது. வயதாக ஆக ஓட்டத்தைக் குறைத்து, நிற்கிற இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் முதிய நட்சத்திரத்தின் கலை. ஒருவர் நிற்க வேண்டுமானால் மற்றவர்கள் ஓட வேண்டும், பக்கைத் தேடிப் பிடித்து அவரிடம் சேர்க்க வேண்டும். அவரது கோல்களுக்கு மிக அதிகமாகக் கொடுத்துதவிய ஸ்வீடன்காரர் நிக்லாஸ் பேக்ஸ்ட்ராம் 2022இல் இடுப்பு மூட்டில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்து ஆடிப் பார்த்தார், முடியவில்லை. 2023 நவம்பரில் வாஷிங்டன் அணியிலிருந்து ஒதுங்கினார். எண்ணிக்கை ஒருவர் பெயரில் ஏறியது. தேய்மானம் இன்னொருவர் இடுப்பில் இறங்கியது.

நீண்ட ஆயுள் என்றதும் இந்த விளையாட்டில் எல்லாரும் சொல்லும் பெயர் கோர்டி ஹோ. 1928இல் கனடாவின் சஸ்காச்சுவனில் பிறந்தவர். 1946இல், 18 வயதில் டெட்ராய்ட் அணிக்கு வந்தார். 1950இல் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, மூளையின் அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டில் துளையிட்டார்கள். அடுத்த பருவத்திலேயே லீக்கில் மற்ற எல்லாரையும்விட அதிகப் புள்ளி எடுத்தார். 25 பருவங்கள் ஆடி 1971இல் ஓய்வுபெற்றார். 1973இல், போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ.வில், தன் இரண்டு மகன்களோடு சேர்ந்து ஆட இறங்கினார். 1979-80இல் மறுபடி என்.எச்.எல்.லில் 80 ஆட்டங்கள், 15 கோல்கள். அந்தப் பருவத்தில் அவருக்கு 52 வயது முடிந்தது. 2016இல், 88 வயதில் இறந்தார்.

இதுவரை சொன்னது பெருங்கதையாடல். எல்லா நினைவு மலர்களிலும் இருக்கும். இனி அது சொல்லாமல் விட்டதைப் பார்ப்போம்.

டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் ஊர். ஹோ, டெட் லிண்ட்சே, சிட் ஏபல் மூவரும் சேர்ந்து ஆடியதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘உற்பத்தி வரிசை’. கோல் உற்பத்தி, கார் உற்பத்தி இரண்டையும் சேர்த்த சிலேடை. இதைவிடத் துல்லியமான அரசியல் விமர்சனம் ஒன்றை நான் எழுதிவிட முடியாது. அப்போது லீக்கில் மொத்தமே ஆறு அணிகள். ஒருவனைத் துரத்தினால் அந்த இடத்துக்கு நூறு பேர் நிற்பான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஹோ கூடுதலாகக் கேட்டது அணியின் பெயர் பொறித்த ஒரு கோட்டு. பதினெட்டு வயதுப் பையனுக்கு அது பெரிய விஷயம்தான்.

1957இல் லிண்ட்சே வீரர்களுக்கென்று ஒரு சங்கம் கட்டினார். பென்ஷன் கணக்கைக் காட்டு என்றார். முதலாளிகள் அவரை சிகாகோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். சில மாதங்களில் டெட்ராய்ட் வீரர்கள் சங்கத்தைவிட்டு விலகினார்கள். ஹோவும் அந்த அணியில்தான் இருந்தார். லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரம் தன் பழைய கூட்டாளியின் பக்கம் நின்றிருந்தால் கதை மாறியிருக்கலாம். நிற்கவில்லை. சங்கம் செத்தது.

ஹோவுக்குத் தான்தான் அதிகச் சம்பளக்காரன் என்ற நினைப்பு. நிர்வாகம் அப்படித்தான் நம்பவைத்திருந்தது. 1968இல் டெட்ராய்ட்டுக்கு வந்து சேர்ந்த பாப் பான் என்ற சாதாரணத் தடுப்பாட்டக்காரர் தன் சம்பளத்தை அவரிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஹோவின் சம்பளத்தைவிட அது அதிகம். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த ‘மிஸ்டர் ஹாக்கி’ அப்போதுதான் விழித்தார். சக தொழிலாளியிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் இருப்பது பண்பாடு அல்ல, அது முதலாளிக்குச் செய்யும் ஊழியம் என்று இந்த ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறது.

1967இல் வந்த புதிய சங்கத்தின் தலைவர் ஆலன் ஈகிள்சன், வீரர்களையே ஏமாற்றியவர். 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆக, சங்கம் என்ற சொல்லும் தானாக யாரையும் காப்பாற்றிவிடாது. 1991இல் கார்ல் பிரூவர் என்ற பழைய டொரண்டோ வீரர், பென்ஷன் நிதியின் உபரியை லீக் எடுத்துக்கொண்டதை எதிர்த்து வழக்குப் போட்டார். வழக்கில் சேர்ந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவர் கோர்டி ஹோ. 1992இல் ஒன்டாரியோ நீதிமன்றம் உபரி வீரர்களுக்கே சொந்தம் என்றது. 1994இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் லீக்கின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 1957இல் நிற்காதவர் 63 வயதில் வந்து நின்றார். என்னைக் கேட்டால், 801 கோல்களைவிட இந்தக் கையெழுத்துதான் அவருடைய பெரிய ஆட்டம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. ஹோ தன்னைத் தானே காத்துக்கொண்டார். அவருடைய முழங்கை பேர்போனது. பிறகு வந்த நட்சத்திரங்களுக்குக் காவலுக்கு ஆள் வைத்தார்கள். நட்சத்திரத்தின் மேல் கை வைத்தவனைக் கையுறையைக் கழற்றிப்போட்டு அடிப்பதே இவர்கள் வேலை. 1988இல் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது அவருடைய காவலர் மார்ட்டி மெக்சோர்லியும் கூடவே போனார். டெரிக் பூகார்ட் இந்த வேலை பார்த்தவர். 277 ஆட்டங்கள், 3 கோல்கள். 2011 மே மாதம் மதுவும் வலிமாத்திரையும் கலந்து இறந்தபோது வயது 28. பாஸ்டன் பல்கலைக்கழகம் அவர் மூளையைப் பரிசோதித்தது. திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அதில் இருந்தது. நட்சத்திரங்களும் தப்பவில்லை: 2018இல் இறந்த ஸ்டான் மிகிடா, 2023இல் இறந்த பாபி ஹல் இருவரின் மூளையிலும் அதே நோய் கண்டறியப்பட்டது. ஆனால் ஒருவருக்கு அது நீண்ட புகழுக்குப் பின் வந்தது. மற்றவருக்குப் புகழே அதுதான்.

இவர்கள் ‘விட்டுச்செல்வது’ என்று எல்லாரும் பேசுகிறார்களே, அதற்குத் தமிழில் ‘எச்சம்’ என்றொரு சொல் உண்டு. இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப்பெறாத வினை; இன்னொரு சொல் வந்துதான் அதை முடிக்கும். ‘அடித்த’ என்று நிறுத்தினால் யார், எதை என்ற கேள்வி தொங்கும். 895 என்ற எண்ணும் அப்படித்தான் தொங்குகிறது. ஒவெச்கின் 2017இல் புதினுக்கு ஆதரவாக ‘புதின் அணி’ என்று ஓர் இயக்கம் தொடங்கியவர். 2022இல் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்தபோது போர் வேண்டாம் என்றார், புதினைக் கண்டிக்கவில்லை. தானும் நாற்பதைத் தாண்டி ஆடியவரான செக் கோல்காப்பாளர் டொமினிக் ஹாஷெக், ரஷ்ய வீரர்களின் ஒப்பந்தங்களை நிறுத்திவைக்கச் சொன்னார். லீக் செய்யவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே லீக் ஆட்டத்தை நிறுத்திச் சடங்கு நடத்தியது. எண்ணுக்கு அரசியல் கிடையாது என்ற பாவனை இல்லாமல் அந்தச் சடங்கு நடந்திருக்காது.

இதையெல்லாம் ஸ்கார்பரோ நண்பரிடம் சொன்னேன். ‘அப்ப அந்தாளின்ட திறமை பொய்யோ?’ என்று கேட்டார். பொய் இல்லை. அந்த அடியை வேறு யாராலும் அடிக்க முடியாது, 52ஐத் தொடும் வயதில் 80 ஆட்டம் ஆட வேறு யாராலும் முடிந்ததில்லை. ஆனால் திறமைக்கு ஒரு கணக்கும் ஆயுளுக்கு ஒரு கணக்கும் தனித்தனியாக எழுதணும். திறமை அவருடையது. ஆயுளைப் பலர் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள், சிலர் தங்களுடையதை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று 1957இல் லிண்ட்சே கேட்டார். பதில் வர 37 வருஷம் ஆனது. பூகார்டுகளுக்கு இன்னும் வரவில்லை.