அயலைக் காக்கும் அயலவர்: ஊர் திரும்பும் குடும்பங்களுக்கான விழிப்புக் குழு வழிகாட்டி

கண்டி மாவட்டத்தில் ஊர் திரும்பும் குடும்பங்கள் வெவ்வேறு காரணங்களால் இடம்பெயர்ந்தவை. சிலர் 2018 மார்ச் வன்முறையின்போது வீடு, கடைகளை இழந்தவர்கள். சிலர் மழையாலும் மண்சரிவாலும், குறிப்பாக 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியால், வெளியேறியவர்கள். காரணம் எதுவானாலும் திரும்பி வரும் முதல் நாட்களில் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இங்கே இரவில் நிம்மதியாகத் தூங்க முடியுமா?"

அந்த நிம்மதியைப் பொலிஸாரால் மட்டும் தந்துவிட முடியாது. பக்கத்து வீட்டாரும் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். அதற்கான ஒரு வழி விழிப்புக் குழு. அது எப்படி இயங்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை இப்பகுதி விளக்குகிறது.

2018 நமக்குச் சொல்வது

2018 பெப்ரவரி 22 அன்று தெல்தெனியப் பகுதியில் வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். மார்ச் 4, 5 ஆம் திகதிகளில் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிக்கப்பட்ட வீடொன்றில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். வன்முறை அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் பரவியது. மார்ச் 6 அன்று நாடு முழுவதும் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவை தடைசெய்யப்பட்டன.

திகதிகளைக் கவனியுங்கள். தகராறு நடந்த நாளுக்கும் கடைகள் எரிந்த நாளுக்கும் இடையில் பத்து நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் கோபம் வளர்ந்தது, வதந்திகள் பரவின. பல இனத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஒரு குழு ஊருக்கு ஊர் இருந்தால், அப்படிப்பட்ட பத்து நாட்களில் செய்யக்கூடியவை பல: இரு தரப்புக் குடும்பங்களையும் சந்திக்கலாம், மதத் தலைவர்களை ஒன்றாகப் பேசவைக்கலாம், பதற்றத்தைப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்தில் அறிவிக்கலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. சில இடங்களில் சிங்கள அயலவர்களும் பௌத்த பிக்குமாரும் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பாதுகாப்பாக முன்னால் நின்றார்கள். ஆபத்து நேரத்தில் ஒருவர் இன்னொருவருக்காக நிற்க வேண்டுமானால், அதற்கு முன்பே அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

குழுவை எப்படி அமைப்பது?

புதிதாக ஒன்றைத் தொடங்குமுன், உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவில் ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறதா என்று கேளுங்கள். சிவில் பாதுகாப்புக் குழு, சமுதாயப் பொலிஸ் குழு ஆகிய பெயர்களில் பொலிஸ் நிலையத்துடன் இணைந்து இயங்கும் குழுக்கள் உள்ளன. அவற்றில் சேர்வதே நல்லது. பொலிஸாருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தெரியாமல் இயங்கும் குழு, நல்ல நோக்கத்துடன் தொடங்கினாலும் சந்தேகத்தையே வளர்க்கும்.

குழுவில் இருக்க வேண்டியவர்கள்:

• அந்த அயலில் வாழும் எல்லா இன, மதத்தவரும். ஓர் இனத்தவர் மட்டும் உள்ள குழுவை மற்றவர்கள் காவலாகப் பார்க்கமாட்டார்கள், மிரட்டலாகவே பார்ப்பார்கள்.
• பெண்கள். பகல் முழுவதும் அயலில் நடப்பதை அதிகம் அறிந்தவர்கள் அவர்களே.
• திரும்பி வந்த குடும்பங்களும், இடம்பெயராமல் ஊரிலேயே இருந்த குடும்பங்களும்.
• கடைக்காரர்கள், முச்சக்கரவண்டிச் சாரதிகள். வெளியாட்கள் கூட்டமாக வந்தால் முதலில் காண்பவர்கள் இவர்களே.
• சிங்களம், தமிழ் இரண்டிலும் பேசக்கூடிய ஒருவராவது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

1. வலப்பக்கம், இடப்பக்கம், எதிர்ப்பக்கம் உள்ள வீடுகளுக்கு நேரில் சென்று, திரும்பி வந்துவிட்டதைச் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கங்களைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.
2. தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் இருக்கும் வீடுகளைக் குறித்துவைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் உதவ ஒருவரை நியமியுங்கள்.
3. இன்னும் திரும்பாத குடும்பங்களின் வீடுகளைப் பட்டியலிடுங்கள். ஆளில்லாத வீடு திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் இடம் கொடுக்கும். வீட்டுக்காரரின் சம்மதத்துடன் அவ்வப்போது பார்த்து, தகவல் கொடுங்கள்.
4. எரியாத வீதி விளக்குகளை நகர சபை அல்லது பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

குழுவின் எல்லை

விழிப்புக் குழுவின் வேலை பார்ப்பது, பதிவுசெய்வது, அறிவிப்பது. அதற்கு மேல் எதுவும் இல்லை. குழுவினர் வீடுகளைச் சோதனையிடவோ, வீதியில் போவோரை மறித்து அடையாள அட்டை கேட்கவோ, விசாரிக்கவோ, தண்டிக்கவோ முடியாது. பாரிய குற்றமொன்றை ஒருவர் உங்கள் கண்முன்னே செய்தால் அவரைப் பிடித்து வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பது குற்றம்.

இரவில் சுற்றி வருவதானால் இருவர் அல்லது மூவராகச் செல்லுங்கள். இயன்றவரை வெவ்வேறு இனத்தவர் சேர்ந்து செல்வது நல்லது. ரோச் லைட்டும் கையடக்கத் தொலைபேசியும் போதும். பொல்லு, கத்தி வேண்டாம். மது அருந்தியவரைச் சேர்க்காதீர்கள். ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தால் வெளியே செல்லாதீர்கள்.

வதந்தி வந்தால்

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், ஒரு சாப்பாட்டுக் கடை உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி எனத் தெரியவந்தது. உண்மை வெளிவருமுன் சேதம் நடந்து முடிந்துவிட்டது. இலங்கையின் அந்த வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக 2020 இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

எனவே ஒரு செய்தி வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை நேரில் கண்டவர் யார்? எங்கே, எப்போது நடந்தது? பொலிஸாரோ கிராம உத்தியோகத்தரோ உறுதிப்படுத்தினார்களா? பதில் இல்லையென்றால் பகிராதீர்கள். குழுவில் இருவரை இதற்கென்றே நியமித்து, அவர்கள் விசாரித்த பிறகே வட்ஸ்அப் குழுவில் செய்தி போடலாம். இனத்துக்கோ மதத்துக்கோ எதிராக வெறுப்பைத் தூண்டுவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமாகும்.

முறைப்பாடும் சமரசமும்

திருட்டு, மிரட்டல், சேதம் எதுவானாலும் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் முறைப்பாடு செய்வது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அது உதவும். சேதத்தைத் துப்புரவு செய்யுமுன் புகைப்படம் எடுங்கள்.

வேலி, எல்லை, தண்ணீர் வழி போன்ற சில்லறைத் தகராறுகளை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுசெல்லலாம். சட்டத்தரணி தேவையில்லை. இப்படியான சிறு பிணக்குகளை வளரவிட்டால் அவையே பின்பு இனப் பிணக்காகப் பேசப்படும்.

மலைப்பகுதிக்கு இன்னொரு காவல்

மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் குழு மலையையும் கவனிக்க வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், தூண்கள், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவை அபாய அறிகுறிகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள்.

"வீட்டில் களவு போய்விடும்" என்று பயந்து ஒருவரைக் காவலுக்கு விட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழை விட்டு, அதிகாரிகள் அனுமதித்த பின்னர், பொலிஸாருடன் சேர்ந்து வெறுமையான வீடுகளைப் பார்த்துக்கொள்வது குழுவின் பொறுப்பாக இருக்கட்டும். அந்த உறுதியைக் குழு முன்கூட்டியே கொடுத்தால், குடும்பங்கள் தயங்காமல் வெளியேறும்.

வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க

பொலிஸ் அவசர அழைப்பு: 119
சுவசெரிய அம்புலன்ஸ்: 1990
தீயணைப்பு: 110
அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117
மனித உரிமைகள் ஆணைக்குழு: 1996
சிறுவர் பாதுகாப்பு: 1929
பெண்களுக்கான உதவி: 1938

இவற்றின் கீழே உங்கள் கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இரண்டு அயலவர்களின் இலக்கங்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.