பைனஸ் மலைக்கு ஒரு நாள்: உம்மாவும் நடக்கட்டும்

பாடசாலை விடுமுறை தொடங்கி இரண்டு நாள் போவதற்குள் கொழும்பு வீடுகளில் ஒரு குரல் எழும். "வாப்பா, கடலைப் பார்த்துப் பார்த்துப் போதும். எங்கேயாவது மலைக்குப் போவமே!" வெள்ளவத்தை தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்கும், கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வளரும் பிள்ளைக்கும் மண்ணில் கால்பதித்து நடக்க இடம் ஏது? அந்தக் கோரிக்கை நியாயமானதுதான்.

சில வருடங்களுக்கு முன் நாங்களும் மூன்று குடும்பமாகச் சேர்ந்து கண்டி ஹந்தானை மலைக்குப் போனோம். வீட்டுப் பெண்கள் இரவு இரண்டு மணிக்கே எழுந்து சஹன் சாப்பாடு சமைத்தார்கள். மலையடிவாரத்தில் வேன் நின்றபோது நேரம் பதினொன்றாகிவிட்டது. சட்டிகளைப் பார்த்துக்கொள்ள பெண்கள் வேனருகே தங்கிவிட, இரண்டே போத்தல் தண்ணீருடன் ஆண்களும் பிள்ளைகளும் ஏறினோம். அரை மணி நேரத்தில் தண்ணீர் முடிந்தது. இறங்கும்போது பாதை தவறி, இரண்டு மணி நேரம் அலைந்து வேறொரு பக்கமாக வந்து சேர்ந்தோம். வீடு திரும்பியபின் என் மனைவி கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "நீங்க எல்லாரும் மலைக்குப் போய் வந்தீங்க. நாங்க எங்க போய் வந்தோம்?"

சகோதரிகளே, அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

அந்நிய மண்ணிலிருந்து வந்த மரம்

ஹந்தானையில் நாம் காணும் பைனஸ் நம் நாட்டு மரமல்ல. கரீபியன் பைன் எனப்படும் இது கியூபா, பஹாமாஸ், ஹொண்டுராஸ், நிகரகுவா போன்ற உஷ்ணப் பிரதேசங்களைச் சேர்ந்தது. அங்கே மணற்பாங்கான, சத்துக் குறைந்த நிலத்திலும் செழித்து வளரும். அதனால்தான் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் வெறும் புல்வெளிகளிலும் நடுவதற்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மலைநாட்டில் இது பெருமளவில் நடப்பட்டது. பின்னர், சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியை சாவித்திரி குணதிலக்கவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பைனஸ் நிழலிலேயே நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டினார்கள். நடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல பாடம்.

இந்த மரத்தின் குணத்தை அறிந்தால் பயணத்தின் ஆபத்துகளும் தெரிந்துவிடும். வரிசையாக நட்ட மரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே வழி தவறுவது எளிது. ஊசி இலைகள் மெத்தைபோல் உதிர்ந்து கிடக்கும். தேய்ந்த ரப்பர் செருப்புடன் சரிவில் இறங்கினால் எண்ணெயில் கால் வைத்தது போலச் சறுக்கும். இலையிலும் மரத்திலும் பிசின் இருப்பதால் வரட்சிக் காலத்தில் ஒரு தீக்குச்சி போதும், மலையே பற்றிக்கொள்ளும். நம் நாட்டில் காட்டுத் தீக்குப் பெரும்பாலும் மனிதக் கையே காரணம்.

திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

திட்டத்தைப் புறப்படும் நேரத்திலிருந்து போடாதீர்கள். மஃரிபிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மாலை ஆறு, ஆறரைக்குள் சூரியன் மறையும். காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். பிற்பகலில் மூடுபனியும் இடிமழையும் வரலாம். எனவே இரண்டு மணிக்குள் அனைவரும் வேனுக்கு வந்துவிட வேண்டும். அப்படியானால் பதினொன்றரைக்குத் திரும்பியே ஆகவேண்டும், உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும்! ஒன்பதரைக்கு ஏறத் தொடங்க வேண்டுமானால், சுபஹ் தொழுத கையோடு கொழும்பை விட்டுப் புறப்பட வேண்டும். கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர்; மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சிறு பிள்ளைகளுடன் போய்வர ஐந்து கிலோமீற்றர் நடை போதுமானது.

ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை காலைகள் பொதுவாகத் தெளிவாக இருக்கும். தீ அபாயமும் அப்போதுதான் அதிகம். ஜும்ஆ உள்ள வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று முக்கியம். 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் மண்சரிவை ஏற்படுத்தியது. ஆகவே பாதை திறந்திருக்கிறதா, ஏற அனுமதி உண்டா என்று அங்குள்ளவர்களிடம் முன்னரே விசாரியுங்கள். ஊர்வாசி ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிச்செல்வது சிக்கனத்துக்கு விரோதமல்ல.

பையில் என்ன இருக்கட்டும்?

முதலில் தண்ணீர். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லீற்றர் வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு லீற்றர். ஆறு பேருக்குப் பன்னிரண்டு லீற்றர், அதாவது பன்னிரண்டு கிலோ சுமை! இதை ஒருவர் தலையில் கட்டாமல் ஒவ்வொருவரும் தத்தம் போத்தலைச் சுமக்க வேண்டும். மலையில் ஊற்று இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சஹன் வேண்டாம். பாணும் சீனிச் சம்பலும், அவித்த முட்டை, வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும். முந்திய இரவே அரை மணி நேரத்தில் முடியும் வேலை இது. மலையில் அடுப்பு மூட்டவே கூடாது. ஜீவனி இரண்டு பக்கற், அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம், கட்டுத்துணி, ஆளுக்கொரு விசில், குப்பைக்கு ஒரு பை என்பனவும் வேண்டும். 2010இல் ஹந்தானை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது; லன்ச் ஷீட்டை அங்கே எறிந்துவிட்டு வருவது நமக்கு அழகல்ல.

சகோதரிகளுக்கு இன்னும் சில. கணுக்கால் மட்டத்தில் நிற்கும் பருத்தி உடையும், உள்ளே தளர்ந்த காற்சட்டையும், அடிப்பாகம் சொரசொரப்பான சப்பாத்தும் அணியுங்கள். மலையில் கழிப்பறை இல்லை. நகரிலேயே அத்தேவையை முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சங்கடத்துக்காகவே தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கும் பெண்கள் உண்டு.

தொழுகை

நமது ஷாபிஈ மத்ஹபின்படி பயணத்துக்குரிய தூரத்தைக் கண்டி தாண்டுகிறது. ஆகவே ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை உண்டு. இரண்டு மணிக்குக் கீழே இறங்கியபின் நிதானமாகத் தொழலாம்; பெண்களுக்கு இடவசதியுள்ள பள்ளிவாசல் எது என்று முன்னரே கேட்டுவையுங்கள். மேலேயே தொழ நேர்ந்தால் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கும். நபியவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைவான நீரில் வுளூச் செய்திருக்கிறார்கள். குழாயைத் திறந்துவிட்டே பழகிய நம் பிள்ளைகள் அதை மலையில் கற்றுக்கொள்ளட்டும்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பட்டியல் போடுவது, பை கட்டுவது, பிள்ளையை எழுப்புவது எல்லாம் உம்மாவின் வேலையாகவும், நடப்பது மட்டும் உங்கள் வேலையாகவும் இருக்கக் கூடாது. வேலையைப் பங்கிடுங்கள். வரிசையின் முன்னால் வழிகாட்டி, கடைசியில் பொறுப்பான ஒருவர், நடுவில் பிள்ளைகள். நடையின் வேகத்தை மெதுவாக நடப்பவரே தீர்மானிக்கட்டும்.

அடுத்த விடுமுறையில் நாங்கள் மறுபடி போனோம். பாணும் சம்பலும்தான் சாப்பாடு. உச்சிக்குப் போகவில்லை, பதினொன்றரைக்குத் திரும்பிவிட்டோம். என் மனைவி பைனஸ் காய் ஒன்றைப் பொறுக்கி வந்து ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.