செமிகோலன் செஞ்ச கலாட்டா!

செமஸ்டர் நெருங்குது. பார்வையில்லாத உங்க க்ளாஸ்மேட் நோட்ஸ் கேட்கிறார். ராத்திரி முழிச்சு வேர்டில் டைப் அடிச்சுக் கொடுத்துட்டீங்க. சூப்பர்! ஆனா, அது பிரெய்லா மாறி அவர் விரலுக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

லூயி பிரெய்ல் 1829-ல் வெளியிட்ட முறை, இன்றைக்கும் ஆறு புள்ளிக் கட்டத்தில்தான் ஓடுது. கட்டத்துக்கு மொத்தம் 63 வடிவங்கள். எழுத்து, எண், கமா எல்லாமே அதுக்குள்ள அடங்கணும். பிரெய்லா மாத்துற சாஃப்ட்வேருக்கு உங்க ஸ்க்ரீன் அழகு தெரியாது. ஃபைலுக்குள் என்ன குறி பதிவாகியிருக்கோ, அதுதான் தெரியும்.

ஆங்கிலத்தில் தொண்ணூறுகளைச் சுருக்கி எழுத, 90-க்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி போடுவீங்க. வேர்ட் அதைத் தானாகவே மேற்கோள் தொடக்கமா வளைச்சுடும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசமில்லை. பிரெய்லில் அபாஸ்ட்ரஃபி ஒரே புள்ளி. மேற்கோளுக்கு வேறு வடிவம். பாவம், மேற்கோள் எங்கே முடியுதுன்னு படிக்கிறவர் தேடிட்டே இருப்பார்!

தமிழில் கூத்து இன்னும் பெருசு. பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்'னு அடிச்சா, ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். 'ழ்' மேல நிக்கிற புள்ளிதான் அது! சாஃப்ட்வேர் அதை ஆங்கிலமாவே மாத்தினா, விரலுக்குக் கிடைப்பது தமிழே இல்லை.

அதனால, தமிழை யூனிகோடில் அடிங்க. வேர்ட் குறியை வளைச்சதும் கன்ட்ரோல் இசட் தட்டினா நேராயிடும். முக்கியமா, முதல் பக்கம் ரெடியானதுமே, "பிரெய்லில் சரியா வருதா, படிச்சுப் பார்த்துச் சொல்றியா?"னு கேட்டுடுங்க. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அவர் படிக்க வேண்டியது பாடத்தை. உங்க செமிகோலனை இல்லை!