நோட்டீஸ் வந்திருக்குதுங்க

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் நண்பர் ஒருவர் போன வாரம் பேக்கரியில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை. வீட்டிலிருந்து போன் வந்ததாம்: “ஏனுங்க, நோட்டீஸ் வந்திருக்குதுங்க.” என்ன நோட்டீஸ் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. ஊரில் கோயில் நோம்பி வருகிறது. பேங்கில் கடன் நிற்கிறது. நூல் வாங்கின இடத்தில் கொடுத்த செக் திரும்பியிருக்கிறது. மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். “எல்லாத்துக்கும் ஒரே பேரு வெச்சா மனுசன் என்னங்ணா பண்றது?” என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. பேர் ஒன்றுதான், ஆனால் கூட வரும் வினையைக் கவனித்தால் விஷயம் பிடிபடும். நோட்டீஸ் ‘அடிச்சாச்சு’ என்றால் அச்சகத்திலிருந்து கட்டு வந்துவிட்டது. கோயில் விழாவோ கடைத் திறப்போ. ‘ஒட்டியாச்சு’ என்றால் சுவரிலோ மில் பலகையிலோ இருக்கிறது. ‘விட்டாச்சு’ என்றால் நடுவில் வக்கீல் வந்துவிட்டார். ‘குடுத்துட்டேன்’ என்று சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் சொன்னால் வேலையை விடப்போகிறார்கள்.

எழுத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. கையில் கொடுப்பது துண்டறிக்கை. ஒட்டுவது சுவரொட்டி. ஆபீஸுக்கு ஆபீஸ் போவது சுற்றறிக்கை. ரயிலடியில் ஒலிபெருக்கியில் கேட்பது அறிவிப்பு. அரசுப் பணியாளர் தேர்வாணையம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வெளியிடுவதோ அறிவிக்கை. அதற்கு எண் உண்டு, தேதி உண்டு, கடைசி நாள் உண்டு. அறிவிப்பையும் அறிவிக்கையையும் ஒன்றாகக் கருதி, விண்ணப்பிக்கக் காத்திருந்து ஏமாறும் பிள்ளைகள் நிறையப் பேர். அமைச்சர் மேடையில் சொல்வது அறிவிப்பு. அறிவிக்கை வந்த பிறகுதான் விண்ணப்பம் போட முடியும். இலங்கைத் தமிழர் ‘அறிவித்தல்’ என்பார்கள். அரசிதழில் வருவது வர்த்தமானி அறிவித்தல், சாவுச் செய்தி மரண அறிவித்தல்.

இத்தனை சொல்லிலும் எனக்குப் பிடித்தது நம் ஊர்ச் சொல்தான்: சாட்டு. “நோம்பி சாட்டியாச்சுங்களா?” என்று கேட்கிறோமே, அது. பண்ணாரி மாரியம்மன் குண்டம் திருவிழா பங்குனியில் பூச்சாட்டோடுதான் தொடங்குகிறது. கோவையில் தண்டு மாரியம்மனுக்குச் சித்திரையில் பூச்சாட்டு, அக்னிச்சாட்டு. ‘பறைசாற்றுதல்’ என்கிறோமே, அந்தச் சாற்றுதலின் உறவாகவே இது என் காதில் விழுகிறது. சாட்டிவிட்டால் ஊர் கட்டுப்படும். பல ஊர்களில் அன்று முதல் கறி எடுக்க மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். கம்பம் என்றைக்கு, குண்டம் என்றைக்கு என்று சாட்டிலிருந்துதான் நாள் எண்ணுவார்கள். வெறும் சேதி அப்படி நாளை ஓட வைக்காது.

இது பழைய வழக்கம்தான். மணிமேகலையின் முதல் காதைக்கே விழாவறை காதை என்று பெயர். யானையின் பிடரியில் முரசேற்றி, புகாரில் இந்திர விழாவை அறிவிக்கிறார்கள். பிற்காலத்தில் ஊருக்கு ஊர் தண்டோரா வந்தது. பறையடித்துச் சொல்லும் வேலையை ஒரு சாதியார் தலையில் கட்டிவைத்திருந்தோம். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றது. சரியான முடிவு, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்னது இதைத்தான்: வந்திருப்பது சேதியா, சாட்டா என்று முதலில் பாருங்கள். கோயில் நோட்டீஸ் சேதி. முடிந்தால் போகலாம். திரும்பின செக்குக்கு வரும் வக்கீல் நோட்டீஸ் சாட்டு. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் பணம் வரவேண்டியவர் அதை அனுப்ப வேண்டும். நம் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் செக் வழக்குக்கு இடமில்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போகலாம்; 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழியுள்ள குற்றம் அது. அடமானக் கடனுக்காக 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் அனுப்பும் நோட்டீஸுக்குக் கெடு 60 நாள். அதற்குள் நம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம், பேங்க் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பயந்துபோய்க் கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தாலும் நாள் ஓடத்தான் செய்யும். வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் பெரும்பாலும் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். சாயங்காலம் போன் செய்தார். செக் நோட்டீஸ்தான். தபால்காரர் அதைக் கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. வீட்டில் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மிச்சம் 11 நாள்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு கவர் வந்தால், பிரிப்பதற்கு முன் கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.