வார்டில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர்?

ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது டாக்டர் எப்படி, கட்டணம் எவ்வளவு, ஸ்கேன் வசதி இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அந்த வார்டில் ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைக் கவனிப்பார் என்று கேட்பவர் அரிது. அறுவைச் சிகிச்சை முடிந்தவர் நலமாக வீடு திரும்புவதில் அந்த எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் அதில் பரிசீலிக்கப்பட்டன. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு 2014-இல் வந்தபோது, அங்கேயும் அதே 7 சதவீதம்தான் தெரிந்தது.

இதற்கான காரணம் வார்டின் அன்றாட வேலையிலேயே இருக்கிறது. டாக்டர் காலையும் மாலையும் ரவுண்ட்ஸ் வந்து போகிறார். இடைப்பட்ட நேரமெல்லாம் நோயாளி செவிலியரின் கண்காணிப்பில் இருக்கிறார். உடலுக்குள் ரத்தக் கசிவு தொடங்கினால் பெரும்பாலும் முதலில் நாடித் துடிப்பு ஏறும். ரத்த அழுத்தம் பிறகுதான் இறங்கும். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவத் தொடங்கினால் மூச்சு வேகமாகும், பேச்சில் லேசான குழப்பம் தெரியும், சிறுநீர் குறையும். இவை எதுவும் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். முப்பது பேருக்கு ஊசி போட்டு, டிரிப் மாற்றி, கேஸ் ஷீட் எழுதி, மருந்து இண்டெண்ட் போட்டு, ரிஜிஸ்டர் நிரப்பி முடிப்பதற்குள் ஷிப்டே கழிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஒருவரால் அந்த இரண்டாவது பார்வையைத் தர முடியாது. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும் என்பது எல்லாச் செவிலியருக்கும் தெரியும். தெரிந்தும் செய்ய நேரமில்லாமல் போவதை அலட்சியம் என்று திட்டுவது அநியாயம்.

செவிலியர்களுக்கே பஞ்சம், என்ன செய்வது என்கிறார்கள். உலக அளவில் பற்றாக்குறை இருப்பது உண்மைதான். 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அதை 59 லட்சம் என்று மதிப்பிட்டது. ஆனால் தமிழ்நாட்டு நிலவரத்தைப் பார்த்தால் அந்தப் பதில் போதாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் வென்று 2015-இல் அரசுப் பணியில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்குத் தரப்பட்டது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். காலமுறை ஊதியம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் உள்ள டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டத்தில் இறங்கினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. படித்தவர்கள் இருக்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், வேலை கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். இல்லாதது நிரந்தரப் பணியிடமும் கௌரவமான சம்பளமும். தனியார் துறையிலும் நிலைமை தேறவில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. இங்கே அது பரிந்துரையாகவே தங்கிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிற செவிலியர்களைக் குறை சொல்வதற்கு முன் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம். வசதியான மருத்துவமனைகளில் செவிலியர்களும் அதிகம், நல்ல கருவிகளும் அதிகம். அப்படியிருக்க உயிர் பிழைப்பதற்குச் செவிலியர் எண்ணிக்கைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இதற்கு விடை தந்தது. 2016-இல் அங்கே 27 அரசு மருத்துவமனைகளில் பகலில் நால்வருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டமே போட்டார்கள். சட்டத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை, சட்டம் பொருந்தாத மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. சட்டம் வந்த இடங்களில் செவிலியரின் சுமை குறையக் குறைய மரணங்கள் குறைந்தன; டிஸ்சார்ஜ் ஆகி மீண்டும் வந்து சேருவோரும் குறைந்தார்கள்; வார்டில் தங்கும் நாட்களும் சுருங்கின. கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்கு பணம் இதனால் மிச்சமானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ‘பணம் எங்கே?’ என்று கேட்போருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆட்களைக் குறைத்து மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம், படுக்கைப் புண்ணாகவும் தொற்றாகவும் நீண்ட சிகிச்சையாகவும் நோயாளியின் குடும்பத்து மேலோ அரசு கஜானா மேலோ வந்து விழுகிறது.

மானிட்டரும் கணினியும் வந்துவிட்டனவே என்றால், மானிட்டர் எச்சரிக்கை ஒலிதான் எழுப்பும். ஓடி வர ஆள் வேண்டும். கூட இருக்கும் உறவினர் பார்த்துக்கொள்வார் என்பது இன்னும் மோசமான வாதம். கஞ்சி ஊட்டலாம், கால் பிடித்துவிடலாம். மூச்சு மாறுவதன் அர்த்தம் அவருக்கு எப்படித் தெரியும்? கூடுதல் செவிலியர்களை வைக்கும் செலவைச் சிறு மருத்துவமனைகள் தாங்காது என்ற கவலையில் மட்டும் உண்மை இருக்கிறது. அவற்றுக்கு அவகாசமும், அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் செவிலியர் பணிக்கென்று தனித் தொகையும் தரலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலமும் இப்படியொரு சட்டத்தை 1999-இல் இயற்றிவிட்டு, அவகாசம் தந்து 2004-இல்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டில் அளவுகோல் இல்லாமல் இல்லை. போதனை மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் குழுமம் எப்போதோ வகுத்துவிட்டது. அதைக் கட்டாயமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவர வேண்டும். அதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு: ஒவ்வொரு வார்டின் வாசலிலும், இந்த ஷிப்டில் நோயாளிகள் எத்தனை, செவிலியர்கள் எத்தனை என்று ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். அதுவரை, அடுத்த முறை யாரையாவது மருத்துவமனையில் சேர்க்கும்போது இரவில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்று நீங்களே கேளுங்கள்.