எஞ்சின் நின்றால்...?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை ஒட்டியுள்ள ஓரிக்கைக்கு ஓர் அழகான கதை உண்டு. அரசன் கணிகண்ணனை நாடு கடத்த, அவனோடு திருமழிசையாழ்வார் கிளம்ப, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை' ஆகி, பிறகு ஓரிக்கை ஆயிற்று என்பார்கள்.

ஆகாயத்தில் போகிறவர்களுக்கும் சில சமயம் இப்படி நடுவழியில் இறங்க நேர்ந்துவிடுகிறது. 2025 நவம்பர் 13-ந் தேதி, சேலத்துப் பயிற்சி விமானம் ஒன்றில் பறக்கும்போதே கோளாறு ஏற்பட்டது. 'செஸ்னா 172' என்ற சின்ன விமானம் அது. கீரனூருக்கு அருகே அம்மாசத்திரத்தில், திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே அதை இறக்கிவிட்டார்கள். பட்டப்பகலில் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலை! விமானத்தின் மூக்கு சேதமடைந்தது. உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள்.

"எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதோ?" என்று கேட்பீர்கள். விழாது. சரிவில் மிதிக்காமலே சைக்கிள் உருளுகிறதல்லவா? அதுபோல மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தைக் காப்பாற்றினால், 3,000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சறுக்கிக்கொண்டே போகலாம். பயந்துபோய் மூக்கை மேலே தூக்கினால்தான் அபாயம். வேகம் குறைந்து, இறக்கைக்குக் காற்றின் பிடி போய்விடும்.

கிடைப்பது நாலு நிமிஷம். முதலில் வேகம். அடுத்தது, இறங்க ஓர் இடம். அப்புறம்தான் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சுவிட்சுகள் சரியா என்று பார்ப்பது. எஞ்சின் மறுபடி கிளம்பாவிட்டால் ரேடியோவில் 'மே டே' என்று மும்முறை அபயக் குரல். தரை நெருங்கியதும் பெட்ரோலை அடைத்து, கதவையும் சற்றே திறந்துவிட வேண்டும். அடிபட்டு நசுங்கினால் கதவு திறக்காது.

ஓரிக்கைக்கு மேலே இப்படி நேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பாலாற்று மணல் பாய் விரித்தாற்போல் தெரியும். ஆனால் சக்கரம் புதைந்துவிடும். நட்ட வயலில் சேறு, விமானத்தைக் குப்புறக் கவிழ்த்துவிடும். சாலையோரத்து மின்கம்பிகளோ மேலேயிருந்து கண்ணுக்கே தெரியாது. அறுவடையாகிக் காய்ந்த வயல்தான் உத்தமம். அதிலும் எதிர்க்காற்றில் இறங்க வேண்டும்.

இத்தனையும் அந்த நாலு நிமிஷத்தில் எப்படித் தோன்றும்? பழக்கத்தால்தான். கற்றுக்கொடுப்பவர் பறக்கும்போதே திடீரென்று எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "இப்போது எங்கே இறங்குவாய்?" என்று கேட்பார். ஒரு தரமல்ல, பல தரம். அதனால் நல்ல விமானியின் கண் எப்போதும் கீழே ஒரு வயலைத் தேடிக்கொண்டே இருக்கும்.

விமானப் பயிற்சிக்குப் போன உங்கள் மகள் லீவில் வந்தால், நீங்களும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வந்தால், கவலையில்லாமல் வழியனுப்பி வையுங்கள்!