அடுத்தவர் வேட்டையில் பசியாறும் ஈக்கள்

மிலிக்கிடே என்பது சின்னஞ்சிறு கறுப்பு ஈக்களின் குடும்பம். இதில் பல இனங்கள் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சிலந்தி, கும்பிடுபூச்சி, பிற பூச்சிகளைக் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி போன்றவை பிடித்த இரையில் வந்து பசியாறுவது இவற்றில் பலவற்றின் வழக்கம். குளோரோபிடே குடும்பத்திலும் இத்தகைய ஈக்கள் உண்டு.

பூவில் பதுங்கியிருக்கும் நண்டுச் சிலந்தி ஒரு தேனீயைப் பிடித்ததும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சற்று நேரத்தில் கடுகைத் தூவியதுபோல் ஈக்கள் தேனீயின் மேல் மொய்க்கும். இவற்றுக்குக் கடிக்கவோ குத்தவோ வாயில்லை, உறிஞ்சத்தான் முடியும். சிலந்தி கடித்த இடத்திலும் உடல் இணைப்புகளிலும் கசியும் சாறே இவற்றின் உணவு. சிலந்தி பெரும்பாலும் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. பிடித்துத் தின்றாலும் வயிறு நிறையாத அளவு இவை. சில ஈக்கள் வேட்டையாடியின் உடம்பிலேயே தொற்றிக்கொண்டு அடுத்த வேளைக்குக் காத்திருக்கும்.

பந்திக்கு வருபவை பெரும்பாலும் பெண் ஈக்களே. முட்டை வளரத் தேவையான புரதம் இந்தச் சாற்றில் கிடைக்கிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இரை விழுந்த சேதியை இவற்றுக்குச் சொல்வது வாசனை. தாக்கப்பட்ட தேனீ அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களை வெளியிடும். இரையாகச் சிக்கும் நாவாய்ப்பூச்சி தற்காப்புக்காக நாற்றமுள்ள திரவத்தைப் பீய்ச்சும். கூட்டாளிகளை எச்சரிக்கவும் எதிரியை விரட்டவும் எழும் அந்த மணமே ஈக்களுக்குச் சாப்பாட்டு அழைப்பாகிவிடுகிறது.

இந்த மோப்பத்தையே ஒரு செடி தனக்குச் சாதகமாக்கிக்கொண்டுள்ளது. தென்னாப்பிரிக்காவின் செரோபீஜியா சாண்டர்சோனி என்ற கொடியின் பூ, குடை விரித்த புனல் போன்றது. தாக்கப்பட்ட தேனீ வெளியிடும் வேதிப்பொருள்கள் பலவற்றை இப்பூவும் வெளியிடுவதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மணத்தை நம்பி வரும் மிலிக்கிடே குடும்பத்து டெஸ்மோமெட்டோபா பேரின ஈக்கள் புனலுக்குள் வழுக்கி விழுகின்றன. அங்கே தேனீ இல்லை; திரும்பி ஏறவும் வழியில்லை. ஏறத்தாழ ஒரு நாளில் பூ வாடியதும் அவை வெளியேறுகின்றன. அதற்குள் வாயுறுப்பில் மகரந்தப் பொதி ஒட்டிக்கொண்டுவிடும். அதே மணத்தை நம்பி இன்னொரு பூவில் விழும் ஈயால்தான் இக்கொடி காய்க்கிறது.